பொன்னியின் செல்வன்: ஐந்து பாகமா, ஐந்தரை மணி நேரமா?

கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியதை மணிரத்னம் 2022, 2023-இல் இரண்டு படங்களாகச் சுருக்கினார். நாவலா, படமா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் இளம்வீரன் வந்தியத்தேவனோடு நிதானமாகத் தொடங்குகிறது. படமோ போர்க்களத்தில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறது. நாவலைப் படிக்காதவர்கள் முதல் அரைமணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்றே திணறினார்கள். படித்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் குறையெல்லாம் விடுபட்டவை பற்றித்தான். வந்தியத்தேவனை விரும்பும் மணிமேகலை படத்திலேயே இல்லை! சேந்தன் அமுதன் இருந்தும் இல்லாத மாதிரி. நாவலில் அவன்தான் அரச வாரிசான உண்மையான மதுராந்தகன், கடைசியில் முடி அவனுக்குத்தான். பிறந்தபோதே நடந்த அந்த ஆள்மாறாட்டத்தையே படம் தூக்கிவிட்டது. என் பெரியம்மா இதை மட்டும் மன்னிக்கவே மாட்டேன் என்கிறார்.

எனக்கு அதில் வருத்தமில்லை. ஐந்தாம் பாகத்தில் கல்கி முடிச்சுகளை அவிழ்க்கும்போது கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறார். கரிகாலன், பழுவூர் இளையராணி நந்தினி விஷயத்தில் படம் ஒரு படி மேல் என்பேன். நாவலில் பேச்சுவழியே தெரியவரும் அவர்களின் இளமைக் காதல், இரண்டாம் படத்தின் தொடக்கத்திலேயே கண்முன் விரிகிறது. கரிகாலன் உயிர்விடும் கடம்பூர் மாளிகைக் காட்சிக்கு அது தரும் கனம் பெரிது. ஆனால் கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி வைத்த மர்மம் படத்தில் காலி.

வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் வம்புப் பேச்சுக்கு நாவல்தான். படத்தில் அந்த வேடத்தை ஜெயராம் நன்றாகவே செய்தார், நேரம்தான் போதவில்லை.