மைன்கிராஃப்டில் கட்டடம் கட்டுதல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2011 நவம்பரில் முழு வடிவில் வெளியான, பிளாக் எனும் கனசதுரங்களால் ஆன மைன்கிராஃப்ட் என்ற வீடியோ விளையாட்டை நான் பல ஆண்டுகளாக விளையாடி வந்தாலும், அதில் எனக்குப் பிடித்த வேலை கட்டடம் கட்டுவது ஒன்றுதான். விளையாட்டின் இறுதி எதிரியான எண்டர் டிராகனைக் கொல்வதில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டில் சண்டைக்கு இடமில்லை.

இங்கே ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரம். நம் பாத்திரத்தின் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர். சாதாரணச் சுவர்கூட ஒரு மீட்டர் கனத்துக்கு எழும்பிவிடுவதால், உண்மையான வீட்டின் அளவுகளை அப்படியே கொண்டுவந்தால் அறைக்குள் திரும்பவும் இடமிருக்காது. எனவே எந்த வீட்டையும் சற்றுப் பெரிதாகவே திட்டமிட வேண்டியிருக்கிறது. அகலத்தை ஒற்றைப்படையாக வைப்பதா, இரட்டைப்படையாக வைப்பதா என்பதையும் முதல் கல்லை வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒற்றைப்படை என்றால் ஒற்றைக் கதவு நடுவில் சரியாக அமையும், கூரையின் உச்சியில் ஒரு வரிசைப் பலகை பிளாக்கை வைத்து முடித்துவிடலாம். இரட்டைக் கதவு வேண்டுமானால் இரட்டைப்படை அகலம்தான் வழி. படிக்கட்டு பிளாக்குகளை அடுக்கினால் கூரை 45 பாகையில் சரியும். அரைப் பலகைகளைக் கொண்டு அதைப் பாதியாகத் தாழ்த்தலாம். இவ்வளவு குறைந்த வாய்ப்புகளுக்குள் ஒரு வளைவைக் கண்ணுக்கு வளைவாகத் தோன்றச் செய்வதில்தான் இந்த விளையாட்டின் உண்மையான சுவை இருக்கிறது என்பேன்.

கிரியேட்டிவ் முறையில் பிளாக்குகளுக்குப் பஞ்சமில்லை, பறக்கவும் முடியும். ஆனாலும் பொருள்களை நாமே தேடிச் சேர்த்து உயிர்பிழைக்க வேண்டிய சர்வைவல் முறையையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அங்கே ஒவ்வொரு சுவருக்கும் விலை உண்டு. 2017-இல் வந்த கான்கிரீட்டையே பாருங்கள்: நான்கு மணல், நான்கு சரளை, ஒரு சாயம் சேர்த்தால் எட்டு கான்கிரீட் பவுடர் கிடைக்கும், அது தண்ணீரைத் தொட்டால்தான் இறுகும். கணினிக்கான ஜாவா பதிப்பில் இடக்கையில் பவுடரையும் வலக்கையில் குந்தாலியையும் (பிக்காக்ஸ்) வைத்துக்கொண்டு, தண்ணீரில் வைப்பதும் வெட்டி எடுப்பதுமாகத் தொடரலாம். கைபேசி, கன்சோல் போன்றவற்றிலும் இயங்கும் பெட்ராக் பதிப்பில் இடக்கையில் பிளாக்கை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அதே வேலை இழுத்தடிக்கும்.

2021-இன் 1.18 பதிப்பு கட்டுபவர்களுக்குப் பெரும் நன்மை செய்தது. உலகின் உயரம் 256-இலிருந்து 384 பிளாக்காகக் கூடியது; கோபுரம் கட்டுவோருக்கு வேறென்ன வேண்டும்! அதைவிட முக்கியமாக, பகைமிருகங்கள் முழு இருட்டில் மட்டுமே தோன்றும்படி விதி மாறியதால், அழகான முற்றத்தில் நான்கடிக்கு ஒரு டார்ச் நட வேண்டிய கொடுமை ஒழிந்தது.

குறைகளும் உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், செய்த செயலை ரத்துசெய்து முந்தைய நிலைக்குத் திரும்பும் (அன்டூ) வசதி விளையாட்டுக்குள் இல்லை. ஃபில் கட்டளையால் ஒரே நேரத்தில் பெரும் பரப்பை நிரப்பலாம்தான், ஆனால் அதற்கு ஏமாற்றுக் கட்டளைகளை அனுமதிக்க வேண்டும். அதன்பின் அது சர்வைவல் என்ற உணர்வே போய்விடுகிறது. கைபேசியின் தொடுதிரையில் உயரமான விளிம்பில் நின்று பிளாக் வைப்பதும் எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. கட்டுமானத்துக்காகவே வாங்குவோர் கணினியில், விசைப்பலகையும் மவுஸும் கொண்டு, ஜாவா பதிப்பில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். நண்பர்கள் கைபேசியிலோ கன்சோலிலோ இருந்தால் மட்டும் பெட்ராக்கைத் தேர்ந்தெடுக்கலாம்.