கிளிநொச்சித் தையற்கடையில் தைத்த ஜெர்மன் குடியேற்றப் படைச் சீருடைகள்

ஜெர்மன் கிழக்கு ஆபிரிக்காவில், அதாவது இன்றைய தன்சானியாவில், ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக 1905 முதல் 1907 வரை நடந்த மஜி மஜி எழுச்சியைப் பற்றி எங்கள் மாணவர்கள் மேடையேற்றிய நாடகத்துக்கான உடைகளை, கிளிநொச்சிச் சந்தைக்கு அருகில் பாடசாலைச் சீருடை தைக்கும் சிறிய கடையொன்றில் தைப்பித்தோம். எழுச்சியை அடக்க அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மானியரிடம் சம்பளம் பெற்ற ஆபிரிக்கச் சிப்பாய்களே. அஸ்காரிகள் எனப்பட்ட இவர்களையும் கிளர்ந்தெழுந்த மக்களையும் மேடையில் வேறுபடுத்திக் காட்ட உடையை விட்டால் வேறு வழியில்லை. சீருடையைப் பார்த்தே ஆள் யாரென்று அறிந்துகொள்ளப் பழகிய வன்னி மக்கள் முன்னால் அதில் பிசகு நேரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கடைக்கார அண்ணரின் கைத்திறன் தொப்பியில்தான் முழுமையாகத் தெரிந்தது. அஸ்காரிகளின் உயர்ந்த தொப்பி, பின்னிய கூட்டின்மேல் காக்கித் துணி போர்த்தியது. பின்னால் வெயிலுக்குப் பிடரியை மறைக்கும் துணி தொங்கும். முன்னால் உலோகக் கழுகுச் சின்னம் இருக்கும். அவர் பனையோலைப் பெட்டி இழைக்கும் அம்மா ஒருவரைக் கொண்டு கூட்டை இழைப்பித்து, அதன்மேல் ஒரு சுருக்கமும் விழாமல் துணியை இழுத்துத் தைத்து, தகரத்தில் வெட்டிய கழுகை நான்கு தையலில் இறுக்கியிருந்தார். மாணவர்கள் ஓடி விழுந்து நடித்தும் ஒரு தொப்பிகூடக் குலையவில்லை.

ஜெர்மன் அதிகாரிக்குரிய சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியின் வலப்பக்க விளிம்பை மேலே மடித்து, கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டச் சின்னத்தைப் பொருத்தியிருந்தார். தொப்பியைச் சுற்றி வரும் பட்டிக்கு எந்த நிறம் என்று வெட்டுவதற்கு முன்பே கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் கிழக்கு ஆபிரிக்காவுக்கு வெள்ளை, தென்மேற்குக்கு நீலம், கமரூனுக்குச் சிவப்பு என்று அது இடத்துக்கிடம் மாறும். அந்தத் தென்மேற்கில், இன்றைய நமீபியாவில், 1904இல் தொடங்கிய போரில் கொன்றழிக்கப்பட்ட ஹெரெரோ மக்களின் வழித்தோன்றல்கள், ஒகஹாஞ்சாவில் தம் முன்னோரை நினைவுகூரும்போது ஜெர்மன் பாணிச் சீருடையையே அணிந்து அணிவகுக்கிறார்கள். அதையும் ஒருநாள் எங்கள் பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

குறை துணியில்தான். கடையில் இருந்த காக்கி பொலியெஸ்டர் கலந்தது. மேடை வெளிச்சத்தில் மினுங்கியது. கணைக்காலில் சுற்றும் நீலப் பட்டிகளும் வழுக்கி அவிழ்ந்தன. இவற்றுக்குத் தடித்த பருத்தித் துணியே பொருந்தும். அதை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. தையற்கூலி நியாயமானது, சொன்ன நாளில் உடை கையில் கிடைக்கும். பாடசாலை தொடங்கும் மாதத்தில் மட்டும் போகாதீர்கள். அப்போது அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.