மழைநீரை அளக்கப் பேனா வடிவ பிஎச் மீட்டர் போதுமா?

இணையக் கடைகளில் 500 ரூபாய்க்குள் கிடைக்கும் பேனா வடிவ பிஎச் மீட்டரை (நீரின் அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் கருவி; 7 நடுநிலை, எண் அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் அதிகம்), அமில மழை பற்றிய பாடத்தை என் மாணவர்களுக்குக் கண்ணெதிரே காட்டுவதற்காக வாங்கினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திய பின் சொல்கிறேன்: வகுப்பறைக்கு இது தாராளமாகப் போதும்.

மாசற்ற மழைநீரே கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6 என்ற பிஎச் அளவில்தான் இருக்கும். நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள் உமிழும் கந்தக டை ஆக்சைடும், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் அமிலங்களாக மாறி மழையில் சேரும்போது அது 4.5க்கும் கீழே இறங்கக்கூடும். ஓர் அலகு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. ஏரி நீர் 5க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம் செவுள்களையும் தாக்குகிறது. பிரிட்டனிலும் மைய ஐரோப்பாவிலும் எழுந்த புகையால் ஸ்வீடனின் ஏரிகள் மீனற்றுப் போனது இப்படித்தான். இந்த வேறுபாட்டைக் காட்ட, 0.1 வரை பிழை நேரக்கூடிய கருவியே போதுமானது.

ஆனால், குழாய் நீரில் நொடிகளில் நிலைத்துவிடும் எண், மழைநீரில் நெடுநேரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதே காரணம். அதைக் கருவியின் கோளாறு என்று எண்ண வேண்டாம். உடன் வரும் 4.01, 6.86 தாங்கல் பொடிகளை (கரைத்தால் அந்தந்த பிஎச் அளவிலேயே நிலைத்திருக்கும் கரைசலைத் தருபவை) காய்ச்சி வடித்த நீரில் கரைத்து அளவைச் சரிசெய்தபின், முனையை நன்றாகக் கழுவி, அளக்கப்போகும் மழைநீரிலேயே மீண்டும் அலசிவிட்டு, சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

எங்கள் மாடியில் பிடித்த மழைநீர் 6க்கு மேல் காட்டியது. காற்று தூய்மையானது என்று இதற்குப் பொருளல்ல. மண் தூசியிலுள்ள கால்சியம் அமிலத்தை நடுநிலையாக்குவதால் இந்தியாவின் பல பகுதிகளில் மழை இப்படித்தான் பெய்கிறது. வினிகர் சில துளிகள் விட்ட நீரில் முட்டை ஓட்டுத் தூளைப் போட்டுக் கலக்கியபோது திரையில் எண் மெல்ல ஏறியதைக் கண்டதும், முட்டை ஓட்டைப் போலவே கால்சியம் கார்பனேட்டாலான பளிங்கையும் சுண்ணாம்புக் கல்லையும் அமிலம் ஏன் அரிக்கிறது என்பது மாணவர்களுக்கு விளங்கிவிட்டது.

கருவியின் மூடிக்குள், முனையை ஈரமாக வைத்திருக்கும் சேமிப்புக் கரைசல் இல்லாததால் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழ் உலர்ந்துபோகிறது. இரண்டாம் தசமம் காட்டும் மாதிரிக்குக் கூடுதலாகச் செலவிடுவதைவிட, அந்தப் பணத்தில் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலும் தாங்கல் பொடிகளும் வாங்கிக்கொள்வது நல்லது.