வீவக வீட்டில் வயல் வரைந்த மூன்று ஆண்டுகள்

2017 கடைசியில் பாரிஸ் ஆர்சே அருங்காட்சியகத்தின் இம்ப்ரஷனிச ஓவியங்கள் நம் சிங்கப்பூர் தேசிய கலைக்கூடத்துக்கு வந்தன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் தீற்றல். நாலு எட்டு பின்னால் வந்தால் வெயில். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வயலை இப்படி வரைய வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. கையில் பிரஷ் எடுக்கச் சில ஆண்டுகள் ஆயின.

வாங்கியது தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வண்ணம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து வரைகிறேன். சாதாரண எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வீடு முழுக்கப் பரவும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதிலும் இருப்பது எண்ணெய்தான், தண்ணீரோடு சேரும்படி மாற்றியிருக்கிறார்கள். பிரஷைச் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவிவிடலாம். ஆனால் தண்ணீர் கூடினால் வண்ணம் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரியும், ஈரம் போனதும் கருத்துவிடும். முதல் ஆண்டில் என் வானங்கள் எல்லாம் மறுநாள் காலையில் மழைக்கால வானமாகிவிட்டன. இப்போது அடிப்பூச்சுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர். மேல்பூச்சுக்கு இந்த வண்ணத்துக்கென்றே விற்கும் ஆளிவிதை எண்ணெய்.

இன்னொன்று, ஈரப்பதம். சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்த இரண்டு கேன்வாஸ்களின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தது. காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். சமூக மன்ற வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே என் கறுப்பு டியூப்பை வாங்கி வைத்துக்கொண்டார். நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலத்தில் கொஞ்சம் அலிசரின் சிவப்பு, துளி வெள்ளை. காவி நிற மண்பாதைக்குப் பக்கத்தில் அந்த ஊதாவை வைத்ததும் பாதை சுள்ளென்று காய ஆரம்பித்தது! கறுப்பால் அது நடக்கவே நடக்காது. இம்ப்ரஷனிச ஓவியர் மோனே 1890-91இல் கதிர்ப்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தபோது அவருக்குக் கிடைத்தது நீளநீளமாக விழும் நிழல். பூமத்தியரேகைக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கு உச்சிவேளையில் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அதனால் காலையிலேயே சாங்கியில் படகேறி புலாவ் உபின் தீவுக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், அந்தக் காத்திருப்பில் வெயில் ஏறிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஒன்பதரைக்குள் பாதி வேலை முடியவில்லையென்றால் அன்று அவ்வளவுதான்.

மூன்று ஆண்டில் என்னை அதிகம் படுத்தியது பச்சை. டியூப்பிலிருந்து வரும் பச்சையை அப்படியே போட்டால் பிளாஸ்டிக் இலைபோல் இருக்கும். நீலத்தையும் எலுமிச்சை மஞ்சளையும் கலந்து, துளி சிவப்பால் அடக்கினால்தான் செடியின் பச்சை வருகிறது. அப்படிக் கலந்து, நாற்று நட்ட வயல் ஒன்றைப் போட்டோ பார்த்து வரைந்து, பெருமையோடு அம்மாவுக்கு அனுப்பினேன்.

"நட்ட பயிர் இவ்வளவு கருப்பா இருக்காதுப்பா. இது கதிர் வரப்போற பச்சை. சூல் கட்டின பயிரு," என்றார்.

போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர், அதில் வானம்; பயிரே மஞ்சளோடித்தான் இருந்தது. நான் வரைந்தது பச்சை என்ற சொல்லை. எலுமிச்சை மஞ்சளைக் கூட்டி, இடையிடையே வெளிர்நீலத் தீற்றல் விட்டு மறுபடி அடித்தேன். இரண்டாவதையும் அனுப்பினேன், "தண்ணி அதிகமாயிடுச்சு, வடிச்சு விடு," என்றார். மூன்றாவது இப்போது ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது.