டாம்சுலோசினா, பினாஸ்டரைட்டா: வயது போனவரின் வீட்டில் எது பாதுகாப்பு?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புரோஸ்டேட்டின் வீக்கம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். மருந்துத் துண்டை நீட்டும் ஐயாமார் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, இதில் எது திறமான மருந்து?" மருந்தாளராக நிற்கும் எனக்கு அந்தக் கேள்வியை விட, "எனக்கு எது ஆபத்துக் குறைந்தது?" என்பதே முக்கியமாகப் படுகிறது. இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் ஆபத்து ஒவ்வொன்றிலும் வேறு வேறு வாசலால் வீட்டுக்குள் வருகிறது.

டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புரோஸ்டேட்டிலும் இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்துகிறது. சுரப்பியின் பருமன் அப்படியேதான் இருக்கும், வழி மட்டும் இளகும். அதனால் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் சலம் போவது இலகுவாகிவிடும். வழக்கமான அளவு நாளுக்கு 0.4 மில்லிகிராம். அல்புசோசின், டெராசோசின், பிரசோசின் ஆகியவையும் இதே குடும்பம்.

பினாஸ்டரைட் வேறு வழியில் போகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுவதைத் தடுத்துச் சுரப்பியையே மெல்ல மெல்லச் சுருக்குகிறது. டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி குறைந்த ஆண்களுக்கு வயது வந்த பின்னும் புரோஸ்டேட் சிறியதாகவே இருந்ததை 1974இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த அவதானிப்புத்தான் இந்த மருந்துக்கு வழிகாட்டியது. 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவு நாளுக்கு 5 மில்லிகிராம். முழுப் பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகும். இரண்டாம் மாதத்திலேயே "ஒரு பிரயோசனமும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் இந்த மருந்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். சுரப்பி பெரியதாக இருப்பவருக்கே இது கைகொடுக்கும். சிறிய சுரப்பிக்கு இதை விழுங்கிக் காத்திருப்பதில் பெரிய பொருள் இல்லை.

இப்போது ஆபத்துக்கு வருவோம். டாம்சுலோசினின் ஆபத்து எழும்பி நிற்கும் அந்தக் கணத்தில் இருக்கிறது. குருதி அமுக்கம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். இதை நம் ஊர் வீட்டில் வைத்துப் பாருங்கள். பழைய வளவுகளில் மலசலகூடம் பின்பக்கம், கிணற்றடிக்கு அப்பால் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு முட்டிக்கொண்டு வருகிறது. படுக்கையிலிருந்து விசுக்கென்று எழும்பி, விளக்கும் போடாமல், கிணற்றடியின் ஈரச் சீமெந்தைக் கடந்து போகிறார். அங்கே குந்தியிருந்துவிட்டு எழும்புகிறார். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் இந்த நடை முழுவதும் ஆபத்தானது. விழுந்தால் இடுப்பெலும்பு. எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிவு புரோஸ்டேட்டை விடப் பன்மடங்கு கொடியது. ஆகவே கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் கால் தொங்கவிட்டு இருந்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். நின்றுகொண்டு சலம் கழிக்காமல் இருந்து கழிப்பது நல்லது. முதல் சில வாரங்களுக்குக் கட்டிலடியில் ஒரு போத்தல் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது சாப்பாடு. டாம்சுலோசினை ஒவ்வொரு நாளும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின், அரை மணித்தியாலம் கழித்து எடுக்கச் சொல்வது சும்மா இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடிவிடும். நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கிவிட்டால் விரதக்காரர் பலர். அதிகாலை வெறும் வயிற்றில் கப்சியூலைப் போட்டுக்கொண்டு மேலாடையின்றிக் கொதிக்கும் மணலில் நின்றாலும், அங்கப்பிரதட்சணை செய்தாலும் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஒருவேளை உணவு விரதம் பிடிப்பவர் அந்த ஒருவேளை உணவுக்குப் பின்னால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிறவர் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லட்டும். சில நாட்கள் மருந்து விடுபட்டுப் போனால், பழைய அளவில் தானாகத் திரும்பத் தொடங்கக் கூடாது. பிரசோசின், டெராசோசின் எடுப்பவருக்கு இது இன்னும் கண்டிப்பு. அவற்றின் முதல் வேளையே ஆளைச் சாய்த்துவிடும் என்பதால்தான் சிறிய அளவில், படுக்கப் போகும்போது தொடங்குகிறார்கள். கப்சியூலை உடைக்கவோ சப்பவோ கூடாது.

கண்ணில் வெண்படலம் எடுக்க நாள் குறித்திருந்தால் கண் வைத்தியரிடம் டாம்சுலோசின் எடுப்பதை, முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும் கூட, கட்டாயம் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையின்போது கண்மணியின் கருவிழிப்படலம் தளர்ந்து நெளியும் சிக்கல் 2005இல் விவரிக்கப்பட்டது. தெரிந்திருந்தால் சத்திரசிகிச்சை வைத்தியர் ஆயத்தத்தோடு கையாள்வார். கப்சியூல் எடுத்த பின் விந்து வெளிவராமல் போவதையும் பலர் பயந்து சொல்ல மாட்டார்கள். அது தெரிந்த விளைவு, கேடு இல்லை. வீரியக் குளிசை என்று சில்டெனாபில் வாங்குபவர் அதைச் சேர்த்து எடுப்பதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்து அமுக்கத்தை இறக்கும்.

பினாஸ்டரைட்டில் தலைச்சுற்றலுக்குப் பெரிதாக இடமில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலையும் இல்லை. தனியாக இருக்கும் வயோதிபருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அதன் ஆபத்து கடதாசியில் வருகிறது. புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவை இது ஆறு மாதமளவில் பாதியாக்கிவிடும். அறிக்கையில் 3 என்று வந்தால், அதை 6 போல நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து எடுக்கும் விடயம் தெரியாத ஒருவர் பார்த்து "நல்லாயிருக்கிறது" என்று அனுப்பிவிடலாம். ஆகவே தொடங்குமுன் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து, கிளினிக் கொப்பியில் எழுதிவைப்பது மிக மிக அவசியம். பின்னர் அது ஏறத் தொடங்கினால், ஏறிய அளவு குறைவாகத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று வீட்டுப் பெண்கள். கர்ப்பிணியான மகளோ மருமகளோ உடைந்த பினாஸ்டரைட் குளிசையைத் தொடக் கூடாது, ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். முழுக் குளிசைக்கு மேலுறை இருப்பதால் பயமில்லை, பாதியாக வெட்டுவதுதான் பிரச்சினை. பினாஸ்டரைட்டின் குடும்பத்தைச் சேர்ந்த டுடாஸ்டரைட் கப்சியூல் கசிந்தாலும் அப்படியே. அது உடலில் மாதக்கணக்கில் தங்குவதால் நிறுத்தி ஆறு மாதம் கழியும் வரை இரத்ததானம் செய்யக் கூடாது. ஆசை குறைதல், விறைப்புக் குறைதல், மார்பு வீங்கி நோதல், மனம் சோர்தல் ஆகியன வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இரண்டையும் சேர்த்து எடுப்பது? 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் 3047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டு கவனித்தார்கள். நோய் முற்றும் ஆபத்து, டாம்சுலோசினின் குடும்பத்தைச் சேர்ந்த டொக்ஸாசோசினால் 39, பினாஸ்டரைட்டால் 34, இரண்டும் சேர்ந்தால் 66 சதவீதம் குறைந்தது. பெரிய சுரப்பியுள்ளவருக்கு இது கவனிக்க வேண்டிய கணக்கு. கூடவே இரண்டின் பக்கவிளைவும் ஒரே உடம்பில் சேரும்.

என் கணிப்பு இது: சுரப்பி சிறியது, வருத்தம் மட்டும் கூட என்றால் டாம்சுலோசின். சுரப்பி பெரியது, வீட்டில் விழக்கூடிய இடங்கள் அதிகம், ஏற்கனவே தலைச்சுற்று உள்ளவர் என்றால் பினாஸ்டரைட்டை நோக்கிப் பேச்சைத் தொடங்கலாம். முடிவு வைத்தியருடையது. வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் அவரால் கணக்கிட முடியும், கொப்பியில் அது எழுதியிருக்காது.

இந்த ஒப்பீட்டையெல்லாம் கெடுப்பது இரண்டு பொதிகள். ஒன்று, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் அனுப்புவது. வெளிநாட்டுப் பெயர் கொண்ட டப்பாவையும் கிளினிக் மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவின் பையை நான் மேசையில் கொட்டிப் பார்த்தேன்: இரண்டும் டாம்சுலோசின். பெயர் வேறு என்பதால் மருந்து வேறு என்று நம்பியிருந்தார். பிரஷர் கிளினிக்கில் பிரசோசின் தந்து, சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் டாம்சுலோசின் தரும்போதும் இதே இரட்டிப்பு நடக்கலாம். எல்லாக் கொப்பிகளையும் ஒன்றாகக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சோ பால்மெட்டோ மூலிகைக் குளிசை, நன்கு நடத்திய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் குளிசையை விடப் பலன் தரவில்லை. நெருஞ்சிலும் நீர்முள்ளியும் அவித்துக் குடிப்பதை நான் தடுக்கப் போவதில்லை, எழுதிய மருந்தை அதற்காக நிறுத்துவதைத்தான் தடுப்பேன். மற்றப் பொதி தடிமனுக்கு வாங்கும் பிரிட்டோன். புரோஸ்டேட் உள்ளவருக்கு அது சலத்தை முற்றாகக் கட்டிவிடக் கூடும்.

அப்படிக் கட்டிவிட்டால், அடிவயிறு வீங்கி நோவெடுத்தும் ஒரு துளியும் போகாவிட்டால், தண்ணீர் குடித்துப் பார்ப்பதும் கிளினிக் நாளுக்குக் காத்திருப்பதும் கூடாது. அன்றிரவே போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் குழாய் போட வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், பிரிட்டோன் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.