மொத்த விலையா, டன் விலையா, கன அடியா? மரம் விற்பவர் ஒப்பந்தம் எழுதும் முன்

பட்டா நிலத்து மரத்துக்கு விலை பேசும் வழி மூன்று: தோப்பைப் பார்த்து மொத்தமாகப் பேசுவது, எடைமேடைச் சீட்டுப்படி டன்னுக்குப் பேசுவது, கட்டையை அளந்து கன அடிக்குப் பேசுவது. எந்த வழி என்பதைப் பொறுத்து, ஒப்பந்தத்தில் எந்த வரி கறாராக இருக்க வேண்டும் என்பதும் மாறும்.

மொத்த விலையில் காவல் வேலை குறைவு; வெளியூரில் இருப்பவருக்கு வசதி. ஆனால் மரத்தைப் பார்த்ததும் எடை சொல்லும் வியாபாரியின் கண்ணோடு போட்டி போட வேண்டும். சவுக்குத் தோப்பு என்றால் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் நாலைந்து இடத்தில் கட்டி, மரத்தை எண்ணி, நடுத்தரமாக இரண்டு மூன்றை வெட்டி எடை போடுங்கள். மர எண்ணிக்கையை ஒரு மரத்தின் எடையால் பெருக்கி வரும் ஒரு சதுரத்தின் சராசரி எடையை 40 மடங்காக்கினால் ஏறக்குறைய ஒரு ஏக்கர் கணக்கு வந்துவிடும். தவணையில் பணம் தருவதாகச் சொன்னால் தோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பணம் வந்த பிறகே கோடாலி என்று எழுதுங்கள். இல்லையென்றால் பருத்ததை வெட்டிக்கொண்டு, மெலிந்ததை நிற்கவிட்டுப் போய்விடுவார்கள்.

சவுக்குக்கும் தைல மரத்துக்கும் எங்கள் கட்சி டன் விலைதான். எடையில் ஏமாறும் இடங்கள் மூன்று. மூன்றையும் எழுத்தில் அடைத்துவிடலாம். முதலாவது, மரம் காய்வது. வெட்டிய மரம் நாளுக்கு நாள் எடை இழக்கும். அந்த நட்டம் முழுக்க விற்பவருக்கே. ஆகவே வெட்டிய 48 மணி நேரத்துக்குள் எடை. இரண்டாவது, வெறும் வண்டி எடை. ஏற்றுக்கூலி ஆட்கள் உட்கார்ந்திருக்க, டீசல் நிரப்பி வெறும் வண்டியை எடை போட்டால் மரத்தின் எடை அந்த அளவு குறையும். இரண்டு எடையும் ஒரே நாளில், ஒரே எடைமேடையில், ஆள் இறங்கிய பிறகு. சீட்டின் ஒரு நகல் உங்கள் கையில். மூன்றாவது, எத்தனை அங்குலக் கனம் வரை எடைக்கு வரும், பட்டை உரித்தா உரிக்காமலா, மிலாறும் (சிறு கிளைகள்) வேர்க்கட்டையும் யாருக்கு என்பது.

தேக்குக்குக் கன அடிதான் பொருத்தம். சூத்திரத்தையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சந்தையில் புழங்கும் கால் சுற்றளவு முறையில் (சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144ஆல் வகுப்பது) 40 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டை: 10 × 10 × 10 ÷ 144 = 6.94 கன அடி. உருளைக் கணக்கில் அதுவே 8.84 வரும். இந்த வித்தியாசம், மில்லில் அறுக்கும்போது போகும் கழிவுக்கு என்று வழக்கத்தில் விட்டுக்கொடுப்பது. விலை பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். இதற்கு மேல் பட்டைக்கும் கழித்தால் அரை அங்குலப் பட்டையே சுற்றளவில் 3 அங்குலத்துக்கு மேல் தின்று, அளவை 5.9க்கு இறக்கிவிடும். பட்டைக் கழிவு உண்டா, எவ்வளவு, அளவு நாடாவைச் சுற்றுவது கட்டையின் நடுவிலா நுனியிலா என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன் முடிவாகட்டும். தேக்குக்கு வனத்துறை அனுமதி, போக்குவரத்துச் சீட்டு யார் எடுப்பது, வெட்டி முடிக்கும் கெடு அனுமதி கிடைத்த நாளிலிருந்தா என்பதும் தனி வரியாக வேண்டும்.

புயலை யாரும் எழுதுவதில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. 2011 தானே புயல் கடலூர்ப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்ததை மறக்க முடியுமா? 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, வேறு விதமாக எழுதாதவரை, நட்டம் உடைமையோடு போகும்; அதாவது, பொருள் அப்போது யாருக்குச் சொந்தமோ அவருக்கே நட்டம். எடை போட்டு விலை காணும் பொறுப்பு விற்பவருடையதென்றால், அது முடியும்வரை உடைமை பொதுவாக அவரிடமே. ஆகவே டன் ஒப்பந்தத்தில் “வெட்டி விழுந்த கணமே மரம் வாங்குபவர் பொறுப்பு” என்றும், மொத்த விலையில் “முழுப்பணம் தந்த நாள் முதல்” என்றும் எழுதிவிடுங்கள்.

கெடு 60 அல்லது 90 நாள் போதும். விரைவில் வெட்டப்போகும் மரம் சட்டத்தில் அசையும் பொருள். பத்திரப் பதிவு கட்டாயமில்லை. பல ஆண்டு வெட்டும் உரிமை என்று எழுதினால் கதை வேறு. சாந்தாபாய் வழக்கில் (1958) 12 ஆண்டு மரம் வெட்டும் உரிமைக்கான பதிவில்லாத ஆவணம் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தைல மரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால் “இந்த ஒரு வெட்டு மட்டும், துளிர் நில உரிமையாளருக்கே” என்ற வரியைச் சேர்த்து, கூட்டுப் பட்டாவானால் பங்குதாரர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.