மானியத்தைக் கழித்துக்கொண்டு எருசலேமுக்கு அழைத்துப் போகிறார்களாம்!

ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில் வாசல்களில் மறுபடியும் அதே நோட்டீஸ். யோர்தான், இஸ்ரயேல், எகிப்து, பத்து நாள் புனிதப் பயணம், 'அரசு மானியம் போக' இவ்வளவு. எருசலேம் போகும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு தரும் மானியத்தைத்தான் சொல்கிறார்கள். தொகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்த எரிச்சலில் எழுதுகிறேன்.

2023 தொடக்கத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முப்பது வருடம் காசிமேட்டில் மீன் விற்றவர், சீட்டு எடுத்த பணம். எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழு) ஒருவர் சொல்லி, பழைய வண்ணாரப்பேட்டையில் இந்த நோட்டீஸ்காரரான பயண ஏஜென்ட்டின் மாடி அலுவலகத்துக்குப் போனோம். சுவர் முழுக்கக் குருக்களோடு எடுத்த படங்கள். அதிலேயே பாதி நம்பிவிட்டோம்.

ஆளுக்கு 1,35,000 ரூபாய் என்றார் ஏஜென்ட். "அரசு தரும் 37,000-ஐ நாங்களே கழித்துக்கொள்கிறோம் அம்மா, நீங்கள் 98,000 கட்டினால் போதும்" என்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார். படிவத்துக்கு ஆளுக்கு 3,000 தனி. கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது போன் வந்தது: மானியம் தாமதமாகிறது, 37,000-ஐ இப்போது கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம், இல்லையென்றால் டிக்கெட் ரத்து. பாஸ்போர்ட்டோ அவர் மேஜையில். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின.

அரசின் மானியத் திட்டம் அப்படி நடப்பதே இல்லை. படிவம் இலவசம். சேப்பாக்கம் கலச மகாலில் உள்ள சிறுபான்மையினர் நல ஆணையருக்கு நாமே அனுப்பலாம். பயணம் முடித்து வந்தபின் 37,000 ரூபாய், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000, நேராக நம் வங்கிக் கணக்குக்கு வரும். தன் கைக்கே வராத பணத்தை ஏஜென்ட் எப்படிக் கழிப்பார்? இந்தக் கேள்வி எனக்குக் கலச மகாலில் நிற்கும்போதுதான் உறைத்தது. எங்கள் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். கடைசித் தேதியும் போய்விட்டிருந்தது.

பயணத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே பஸ்ஸில் 'டிப்ஸ்' என்று ஆளுக்கு 70 டாலர். பெத்லகேமில் ஒலிவ மரச் சிலைக் கடையில் தேநீர் கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் பிறப்பிடப் பேராலயத்தில் இயேசு பிறந்த குகைக்கு வரிசை நீளம், நேரம் இல்லை என்றார்கள். முட்டி வலியோடு பேராலயத்தின் குட்டை வாசலில் குனிந்து நுழைந்த அம்மாவுக்கு, குகையில் பிறந்த இடத்தைக் குறிக்கும் பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரத்தை நான் மொபைலில்தான் காட்டினேன்.

நோட்டீசில் 'இயேசு திருமுழுக்குப் பெற்ற இடம்' என்று போட்டிருந்தது. இறக்கிவிட்டது யார்தெனித்தில், கலிலேயக் கடலிலிருந்து யோர்தான் ஆறு வெளியேறும் இடத்தில் பயணிகளுக்காகக் கட்டிய துறை அது. மரபு சொல்லும் இடம் வெகு தெற்கே, எரிகோ பக்கம். வெள்ளை அங்கிக்கும் தனிக் காசு. "தண்ணீர் அதே ஆற்றுத் தண்ணீர்தானே, விடு" என்று அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

அவரால் விட முடியாதது ஒலிவ மலை. அங்கே பாத்தர் நோஸ்தர் ஆலயத்தில் கர்த்தர் கற்பித்த செபம் பல மொழிகளில் சுவரில் பதித்திருக்கிறது, தமிழிலும் உண்டு. மதிய இடைவேளையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கதவு பூட்டியிருந்தது.

திரும்பி வந்து அந்த மாடியைப் பதினொரு முறை ஏறினேன். தர வேண்டிய 74,000-இல் 20,000 வந்தது. மீதிக்கு அன்றிலிருந்து 'அடுத்த வாரம்'தான். காவல் நிலையத்தில் முதலில் ரசீதைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத வெள்ளைத் தாள்.

போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத் தந்தையிடம் சொன்னேன். எங்கள் கோயில் வாசலில் இருந்த நோட்டீஸை அவரே கிழித்தார். மற்ற கோயில்களில் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது.